செல்லோவில் விரல் வைப்பது எப்படி? தொடக்கநிலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவைக் கற்கத் தொடங்கியவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு கிடைத்தாலே பெரிது. மீதி நாளெல்லாம் வீட்டில் தனியாக உட்கார்ந்து இடது கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அப்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பலருக்குக் கர்நாடக சங்கீதமோ வயலினோ கொஞ்சம் பழக்கம் இருப்பதால் ஸ்வரப் பெயர்களையும் சேர்த்திருக்கிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் முழு சைஸ் செல்லோவுக்கானவை.

விரலுக்கு நம்பர் எப்படி? கீபோர்டுல கட்டை விரல்தானே 1?

செல்லோவில் ஆள்காட்டி விரல் 1, நடு விரல் 2, மோதிர விரல் 3, சுண்டு விரல் 4. விரலே வைக்காமல் வெறும் கம்பியை வாசித்தால் 0. கட்டை விரலுக்கு எண் கிடையாது. மிக உச்சத்தில் வாசிக்கும்போது அதுவும் கம்பிமேல் வரும், அதற்கென்று தனிக் குறி உண்டு. அது இப்போதைக்கு வேண்டாம்.

கீபோர்டு கற்ற பிள்ளைகள் 2 என்று பார்த்ததும் ஆள்காட்டி விரலை வைத்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் விரல் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசித்தால் இந்தக் குழப்பம் போய்விடும்.

முதல்ல எந்த விரலை எங்க வைக்கணும்? அளவு சொல்லிட்டா வசதியா இருக்கும்.

நான்கு கம்பிகளும் தடிமனிலிருந்து மெல்லியதுவரை சி, ஜி, டி, ஏ. நம் கணக்கில் 1, 5, 2, 6 கட்டை. கம்பிகளை முறுக்கும் பெக்குகள் உள்ள பெட்டிக்குக் கீழே கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டைதான் நட். அங்கிருந்து, முன்பலகைமேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் சுமார் 69 செ.மீ. கை நட்டுக்கு அருகே இருக்கும் முதல் பொசிஷனில் நட்டிலிருந்து 1-ஆம் விரல் 7.5 செ.மீ., 2-ஆம் விரல் 11 செ.மீ., 3-ஆம் விரல் 14.2 செ.மீ., 4-ஆம் விரல் 17.3 செ.மீ. நான்கு கம்பிகளுக்கும் இதே அளவுதான்.

வெறும் கம்பியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் 1 சதுச்ருதி ரிஷபம், 2 சாதாரண காந்தாரம், 3 அந்தர காந்தாரம், 4 சுத்த மத்யமம். வெறும் கம்பிக்கும் 1-க்கும் நடுவே முழு ஸ்வரம். அதன்பிறகு விரலுக்கு விரல் அரை ஸ்வரம். செல்லோவின் இடது கைப் பாடம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. விரல் இடைவெளிகளைக் கவனியுங்கள்: 3.5, 3.2, 3.1. பிரிட்ஜை நோக்கிப் போகப் போகக் குறையும். ஒரே அளவாகப் பிரித்து வைத்தால் சுண்டு விரல் ஸ்ருதி ஏறித்தான் ஒலிக்கும்.

என் பொண்ணுக்கு முக்கால் சைஸ் செல்லோ. அவளுக்கும் இதே அளவா?

இல்லை. டெய்லர் டேப்பால் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்தை 0.109, 0.159, 0.206, 0.251 ஆகிய எண்களால் பெருக்கினால் 1, 2, 3, 4 விரல்களின் இடம் வரும். 62 செ.மீ. கம்பி என்றால் 6.8, 9.9, 12.8, 15.6 செ.மீ.

கணக்கில் வந்தது தோராயம்தான். கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டு ஸ்ருதி மயிரிழை ஏறும். அதனால் பென்சிலால் லேசாகக் குறித்துவிட்டு, காதாலோ ஸ்ருதி காட்டும் ட்யூனராலோ சரிபார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

விரலைப் பத்திக் கேட்டா வாத்தியார் உட்காருறதைப் பத்திச் சொல்றார். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். செல்லோவின் எடையை மார்பும் இரண்டு முழங்காலும் தரையும் தாங்க வேண்டும். அப்படித் தாங்காவிட்டால் அது சரியாமல் இருக்க இடது கை கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட கையால் விரலைச் சரியான இடத்தில் வைக்க முடியாது.

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். அதன் இருக்கை பின்னால் சரிந்திருக்கும், கைப்பிடி வில் பிடிக்கும் கையை இடிக்கும். கைப்பிடி இல்லாத மர நாற்காலியில் முன்பாதியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். சி கம்பியின் பெக் இடது காதுக்குப் பின்னால் வரும்படி அடிக்கம்பியின் (செல்லோவின் அடியில் தரையில் ஊன்றும் கம்பி) நீளத்தை வையுங்கள். டைல்ஸ் தரையில் அடிக்கம்பி வழுக்கும். கெட்டியான ஒரு நாடாவை நாற்காலியின் முன்காலில் கட்டி, மறுமுனையில் வளையம் போட்டு, அதற்குள் அடிக்கம்பியின் முனையை ஊன்றினால் நகராது. கைகள் இரண்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். செல்லோ அப்படியே நின்றால் உட்கார்ந்தது சரி.

கட்டை விரல் எங்க இருக்கணும்? வயலின்ல மாதிரி பக்கவாட்டுலயா?

கழுத்தின் பின்புறம், 2-ஆம் விரலுக்கு நேர் எதிரே. நகத்துக்குப் பின்னாலுள்ள சதை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கட்டை விரலின் முட்டி விறைத்து உள்ளே வளைந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நான்கு விரலையும் கம்பியில் வைத்துக்கொண்டு கட்டை விரலை மட்டும் எடுத்துவிட்டு வாசியுங்கள். நாதம் அப்படியே வர வேண்டும். முழங்கையைக் கொஞ்சம் பின்னால் தொங்கவிட்டால் கையின் எடையே விரலைக் கம்பியில் அமர்த்தும். நாதம் செத்துப்போனால் இத்தனை நாளும் கட்டை விரல்தான் வேலை பார்த்திருக்கிறது. தினமும் வாசிக்கத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் இப்படிச் செய்யுங்கள். தொடக்கநிலையில் இதைவிடப் பயன் தரும் பயிற்சி வேறில்லை.

விரலை நிமிர்த்தி வைக்கணுமா, படுக்க வைக்கணுமா?

ஒரு டம்ளரைப் பிடிக்கும்போது விரல் எப்படி வளையுமோ அந்த வளைவு போதும். கம்பியைத் தொட வேண்டியது நுனிக்குச் சற்றுக் கீழேயுள்ள சதை. நகம் தொடவே கூடாது. சதையைத் தாண்டி நகம் வெளியே தெரிந்தால் விரல் தானாகவே படுத்துவிடும், எனவே வாரம் ஒருமுறை வெட்டுங்கள். முன்கையிலிருந்து புறங்கை வரை ஒரே நேராக இருக்கட்டும். மணிக்கட்டு வெளியே புடைக்கவும் கூடாது, உள்ளே குழியவும் கூடாது.

4-ஐ வைக்கும்போது 1, 2, 3 மூன்றும் கம்பியிலேயே இருக்கட்டும். 3-ஐ வைக்கும்போது 1-ம் 2-ம் இருக்கட்டும். தொடக்கத்தில் இது சுமையாகத் தெரியும். ஆனால் கையின் வடிவத்தை உறுதியாக்குவது இந்தப் பழக்கம்தான். விரலைத் தூக்கித் தூக்கித் தனித்தனியாகத் தேடி வைப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் விழும்.

டேப் ஒட்டலாமா? சில பேர் கூடாதுங்கறாங்க.

விரல் வைக்கும் இடங்களுக்கு அடையாளமாக ஒட்டலாம். முதல் சில மாதங்களுக்கு அது நல்ல துணை. 1, 3, 4 ஆகிய மூன்று இடங்களில் ஒட்டினால் போதும். 2-ஐக் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. அகல ஸ்ட்ரிப் டேப் இதற்குப் பொருத்தம். எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப்பைத் தவிருங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதன் பசை இளகி வழிந்து விரலிலும் கம்பியிலும் ஒட்டும். கம்பிகளைச் சுருதி சேர்த்துவிட்டு, ஏ கம்பியில் 1-ஐ வைத்து ட்யூனரில் பி வரும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். அதேபோல 3-க்கு சி ஷார்ப், 4-க்கு டி. டேப்பைக் கம்பிகளுக்கு அடியில் நுழைத்து, விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டுக்குக் குறுக்கே நேராக ஒட்டி, இரு ஓரத்தோடும் வெட்டிவிடுங்கள். கழுத்தைச் சுற்றி ஒட்டினால் கட்டை விரல் தடுக்கும். குறித்த இடம் டேப்பின் நடுவில் வர வேண்டும். விரல் டேப்பின் மேலேயே உட்கார வேண்டும்.

டேப் மேலதான் வைக்கிறேன். ஆனாலும் அபஸ்வரமா வருதே?

முதலில் வெறும் கம்பியைப் பாருங்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் எடுத்து வந்த செல்லோ வந்து இறங்கியபோதே சுருதி கலைந்திருக்கும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தாலும் அப்படித்தான். அது சரியாக இருந்தால் பிரிட்ஜைப் பாருங்கள். முன்பலகையில் எஃப் வடிவத் துளைகள் இரண்டு இருக்கின்றன அல்லவா? அவற்றின் உள்பக்கச் சின்ன வெட்டுகளுக்கு நேராகப் பிரிட்ஜ் நிற்க வேண்டும். அது அரை செ.மீ. நகர்ந்தாலும் கம்பி நீளம் மாறி எல்லா டேப்பும் தப்பாகிவிடும்.

இரண்டும் சரியென்றால், நீங்கள் டேப்பை எங்கிருந்து பார்க்கிறீர்கள் என்பதுதான் காரணமாக இருக்கும். தலையை முன்னால் நீட்டிச் சாய்வாகப் பார்க்கும்போது விரல் டேப்பில் இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் சில மி.மீ. தள்ளி இருக்கும். எட்டிப் பார்த்ததில் செல்லோவும் அசைந்திருக்கும். சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன் உட்கார்ந்து பாருங்கள்.

ட்யூனர் இல்லாம சரியா வைச்சேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

செல்லோவே சொல்லும். டி கம்பியில் 4-ஐ வைத்தால் ஜி வரும். அது பக்கத்து ஜி கம்பியின் மேல் ஸ்தாயி. சரியான இடத்தில் வைத்து வாசித்தால் யாரும் தொடாத ஜி கம்பி தானாக அதிரும். கண்ணாலேயே பார்க்கலாம், கம்பியின் ஓரம் மங்கலாகத் தெரியும். விரலை 2 மி.மீ. நகர்த்துங்கள், அதிர்வு அடங்கிவிடும். இதேபோல ஏ கம்பியில் 4 வைத்தால் டி கம்பி அதிரும், ஜி கம்பியில் 4 வைத்தால் சி கம்பி அதிரும். 1-ஆம் விரலுக்கும் இரண்டு இடம் உண்டு. ஜி கம்பியில் 1 வைத்தால் ஏ கம்பியும், சி கம்பியில் 1 வைத்தால் டி கம்பியும் ஒலிக்கும்.

4-ஆம் விரலின் இடத்துக்கு இன்னொரு சோதனை. அது கம்பி நீளத்தில் சரியாகக் கால் பங்கில் இருக்கிறது. அழுத்தாமல் சுண்டு விரலால் அங்கே பட்டும் படாமலும் தொட்டு வில்லை இழுத்தால், வெறும் கம்பியைவிட இரண்டு ஸ்தாயி மேலே, புல்லாங்குழல் போன்ற ஒரு நாதம் தெளிவாக எழும். இடம் தப்பினால் அது எழாது. 4 உறுதியானால் 1, 2, 3 அதற்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு அழுத்தணும்? லேசா வைச்சா கரகரங்குது.

கரகரப்பு நிற்கும் அளவுக்கு மட்டும். வாசித்துக்கொண்டே விரலைப் படிப்படியாக அழுத்துங்கள். முதலில் காற்றுச் சத்தம், பிறகு கரகரப்பு, பிறகு தெளிந்த நாதம். தெளிந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்துவது வீண்.

அப்படியும் இரும்புப்பிடி பிடித்தால்தான் நாதம் வருகிறது என்றால் கம்பி உயரமாக இருக்கலாம். ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் ஏ கம்பிக்குக் கீழே 5 முதல் 6 மி.மீ., சி கம்பிக்குக் கீழே 8 மி.மீ. அளவு இடைவெளி வழக்கம். மலிவான செல்லோக்கள் பல, பிரிட்ஜையும் நட்டையும் சீவிச் சரிசெய்யாமலேயே விற்பனைக்கு வருகின்றன. வாசிக்கவே வராதென்று பிள்ளைகள் கைவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து இறக்குங்கள், நீங்களே உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும்போது கம்பி இன்னும் உயரும். கோடையில் நன்றாக இருந்த செல்லோ அப்போது முரண்டு பிடித்தால் குற்றம் உங்கள் விரலில் இல்லை.

சுண்டு விரல் பலமே இல்ல, உள்ள மடங்கிடுது.

எல்லோருக்கும் அப்படித்தான். சுண்டு விரலைத் தனியாக உழைக்கவிடாதீர்கள். மேலே சொன்னபடி மற்ற மூன்றும் கம்பியில் இருந்தால் நான்கும் சேர்ந்து தாங்கும். முழங்கை தாழ்ந்து போயிருந்தால் சுண்டு விரலுக்குக் கம்பி எட்டாது, உடனே மடங்கும். முழங்கையைச் சற்று உயர்த்துங்கள். சி கம்பிக்குப் போகும்போது முழங்கை இன்னும் முன்னால் வர வேண்டும்.

கை வலிக்குது. தாங்கிக்கிட்டு வாசிக்கலாமா?

எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. விரல் நுனி எரிந்தால் பயமில்லை, சில வாரத்தில் தோல் கெட்டிப்படும். கட்டை விரலின் அடிச்சதை வலித்தால் பிடித்து அழுத்துகிறீர்கள். கட்டை விரலை எடுத்துவிட்டு வாசிக்கும் சோதனைக்குத் திரும்புங்கள். மணிக்கட்டிலோ முன்கையிலோ குத்தல், மரத்துப்போதல் இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு மணி நேரம் மூச்சுமுட்ட வாசிப்பதைவிட, 15 நிமிடமாக மூன்று வேளை வாசிப்பது புதுக் கைக்கு நல்லது.

எட்டு வருஷம் கர்நாடக வயலின் வாசிச்சிருக்கேன். கை அப்படியே வந்துடுமா?

காது வந்துவிடும், வில்லின் பழக்கமும் ஓரளவு வரும். இடது கை வராது. வயலினில் விரல்கள் சாய்ந்து விழும். ரி, க, ம, ப என்று நான்கு விரலுக்குள் பஞ்சமம் வரை போய்விடலாம். செல்லோவில் விரல்கள் கம்பிக்குக் குறுக்கே நேராக விழ வேண்டும், 4-ஆம் விரல் மத்யமத்தோடு நின்றுவிடும். வயலின்காரர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு, 1-க்கும் 2-க்கும் நடுவே முழு ஸ்வரம் வைப்பது.

கம்பிகளும் வேறு. கர்நாடக வயலினில் ஸ, ப, ஸ, ப என்று சேர்த்திருப்பீர்கள். செல்லோவில் எல்லாமே பஞ்சம இடைவெளி. டி கம்பியை ஸட்ஜமாக வைத்தால் ஏ பஞ்சமம். ஆனால் ஜி கம்பி கீழ் மத்யமமாகவும் சி கம்பி கீழ் கைசிகி நிஷாதமாகவும் அமையும். கீழே போகும்போது விரல் கணக்கு மாறும்.

அப்ப சரளி வரிசையை எப்படி வாசிக்கறது?

சங்கராபரணத்தில் தொடங்குங்கள். ஸ்ருதிப் பெட்டியை 2 கட்டையில் வைத்து, டி கம்பியில் 0, 1, 3, 4, அடுத்து ஏ கம்பியில் அதே 0, 1, 3, 4. ஸ ரி க ம, ப த நி ஸ முடிந்தது. 3-க்குப் பதில் இரண்டு கம்பியிலும் 2 வைத்தால் கரகரப்ரியா. முதல் பாதியில் 3, இரண்டாம் பாதியில் 2 வைத்தால் ஹரிகாம்போதி. கையின் வடிவத்தைத் துளியும் கலைக்காமல் மூன்று மேள ராகங்கள் கிடைக்கின்றன.

வாய்ப்பாட்டில் முதலில் வரும் மாயாமாளவகௌளை இங்கே முதலில் வேண்டாம். அதன் சுத்த ரிஷபம் நட்டிலிருந்து 3.9 செ.மீ.யில் இருக்கிறது. 2, 3, 4 அசையாமல் 1-ஐ மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். கை வடிவம் உறுதியாகும் முன் இதைச் செய்தால் மொத்தக் கையும் பின்னால் போய்விடும், க-வும் ம-வும் இறங்கிவிடும். மூன்று, நான்கு மாதம் பொறுங்கள்.

கல்யாணி வாசிக்க முடியுமா? பிரதி மத்யமத்துக்குச் சுண்டு விரல் எட்டல.

இது முன்னால் நீட்டும் வேலை. 1 அப்படியே இருக்க, 2-ஆம் விரல் வழக்கமாக 3 இருக்கும் இடத்துக்குப் போகும், 4 நட்டிலிருந்து 20.2 செ.மீ.க்குப் போகும். 1-க்கும் 4-க்கும் நடுவே சாதாரணமாக 10 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. இப்போது கிட்டத்தட்ட 13. சுண்டு விரலை மட்டும் எட்டிப் பிடிக்கப் பார்த்தால் எட்டாது. கட்டை விரலும் 2-ஆம் விரலோடு சேர்ந்து முன்னால் நகர வேண்டும், முழங்கை கொஞ்சம் முன்னே வர வேண்டும், 1-ஆம் விரல் வளைவு விட்டுச் சற்று நீண்டு சாய வேண்டும். சின்னக் கைக்காரர்களும் இப்படிச் செய்தால் எட்டும். எட்டவில்லையென்றால் செல்லோ ஒரு சைஸ் பெரிதாக இருக்கலாம்.

ட்யூனர் சரிங்குது, ஆனா ஸ்ருதிப் பெட்டியோட சேர்க்கறப்ப காந்தாரம் உறுத்துது. எது சரி?

உங்கள் காது சரி. ட்யூனர் கீபோர்டு கணக்கில் 14.2 செ.மீ.யைக் காட்டும். ஸட்ஜத்தோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் கம்பியின் ஐந்தில் ஒரு பங்கில், 13.8 செ.மீ.யில் இருக்கிறது. ஏறத்தாழ 4 மி.மீ. வித்தியாசம். பியானோ துணையோடு வாசிக்கும்போது முன்னது, ஸ்ருதிப் பெட்டியோடு வாசிக்கும்போது பின்னது. அதனால் 3-ஆம் விரலுக்கான டேப்பைத்தான் முதலில் கழற்றச் சொல்கிறோம்.

கமகம் எப்ப ஆரம்பிக்கலாம்?

விரல் ஒரு இடத்தில் நிலையாக நிற்கத் தெரிந்த பிறகு. கமகம் ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தைத் தொட்டுத் திரும்புவது. அந்த இரண்டு இடமும் கைக்குத் தெரியாவிட்டால் அது வெறும் வழுக்கல். நம் சங்கீதம் செல்லோவில் வருமா என்ற சந்தேகம் வேண்டாம். சஸ்கியா ராவ்-தி ஹாஸ் ஹிந்துஸ்தானி சங்கீதத்துக்காகவே மாற்றியமைத்த செல்லோவைத் தரையில் அமர்ந்து வாசிக்கிறார்.

டேப்பை எப்ப எடுக்கறது?

கண்ணை மூடிக்கொண்டு கையை மடியிலிருந்து தூக்கி வைத்து, 1-ம் 4-ம் பெரும்பாலும் சரியாக விழும்போது. முதலில் 3, பிறகு 4, கடைசியாக 1 என்று சில வார இடைவெளியில் எடுங்கள். மிஞ்சும் பசையைத் துணியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு ஃபிங்கர்போர்டில் மட்டும் துடையுங்கள். உடல் பலகையில் ஒரு துளி பட்டாலும் வார்னிஷ் கரையும், எனவே செல்லோவின் மேல் ஒரு டவலைப் போர்த்திவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது ரெண்டாவது பொசிஷனா?

பல ஆசிரியர்கள் நேராக நான்காம் பொசிஷனுக்குக் கூட்டிப்போவார்கள். காரணம் உண்டு. கழுத்து உடலோடு சேரும் வளைவில் கட்டை விரல் போய் முட்டும், அதுவே அடையாளம். அங்கே 1-ஆம் விரல் கம்பியின் மூன்றில் ஒரு பங்கில், 23 செ.மீ.யில், பஞ்சமத்தில் உட்காரும். அடுத்த வெறும் கம்பியும் அதே ஸ்வரம்தான் என்பதால் இரண்டையும் சேர்த்து ஒலித்துச் சரிபார்க்கலாம். விரல் இடைவெளி முதல் பொசிஷனைவிடச் சுருங்கியிருக்கும்: 1-க்கும் 2-க்கும் நடுவே 2.6 செ.மீ. அளவுதான். போகும்போது கட்டை விரலும் கையோடு சேர்ந்து நகர வேண்டும். அது பின்தங்கினால் 1 எப்போதும் இறங்கித்தான் ஒலிக்கும்.